தங்கையின் வலிப்பு மாத்திரை: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கடலூரில் இருக்கும் என் தங்கை எட்டு வருடமாக வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள், இப்போது குழந்தை வேண்டும் என்கிறாள், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று. "உடனே நிறுத்துங்கள்" என்று சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

புதுச்சேரியில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. பொதுவாக அது 2, 3 பேருக்குத்தான். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவது, உதட்டுப்பிளவு, இதயக் கோளாறு. பின்னாளில் பேச்சும் படிப்பும்கூடப் பாதிக்கப்படலாம். கரு உண்டாகி 28 நாளுக்குள் நரம்புக்குழல் (பின்னால் மூளையும் தண்டுவடமுமாக வளரும் குழல்) மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதை நாம் கவனிப்பதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்துபோகிறது! எட்டு வருடமாகச் சீட்டு எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவர்கூட இதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு மனசு இன்னும் ஆறவில்லை.

சரி, இப்போது லெவெடிராசெட்டாம் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றுகிறார்கள். ஒன்று கொஞ்சம் ஏற, மற்றது கொஞ்சம் இறங்க, மெதுவாக. கூடவே ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம். சமையலறைக் காலண்டரில் காலை மாத்திரைக்குச் சிவப்புப் புள்ளி, இரவுக்கு நீலம். அவள் மாமியார்தான் வைக்கிறார். மாற்றம் முடிந்து, சில மாதம் வலிப்பு வராமல் இருந்தால் அப்புறம் முயற்சி செய்யலாம் என்கிறார் டாக்டர். தை பிறந்ததும் மறுபடி போகிறோம்.