புதுப்பிப்பு: பெரிய பிபிஎஃப் மேப் ஃபைலை ஸ்ட்ரீமா படிக்கிறது, இப்போ ஓடுது

முன்னாடி கேட்டிருந்தேன்ல, தென் மண்டல ஓஎஸ்எம் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்) மேப் ஃபைல்ல இருந்து குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் ரோடு மட்டும் பிரிச்செடுக்கணும், மொத்தமா லோட் பண்ணா லேப்டாப் ஹேங் ஆயிடுதுன்னு. சரியாயிடுச்சுங்க.

விஷயம் என்னன்னா பிபிஎஃப் (ஓஎஸ்எம் மேப்பைச் சுருக்கி வைக்கிற பைனரி ஃபைல் வகை) ஒரே பெரிய மெசேஜ் கிடையாது, பிளாக் பிளாக்கா வரிசையா இருக்கு, முதல்ல 4 பைட்ல ஹெட்டரோட நீளம் (பிக் எண்டியன், அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதல்ல), அப்புறம் ஹெட்டர், அதுல டேட்டா சைஸ் இருக்கும், அந்த அளவு மட்டும் படிச்சு, சுருக்கினதை விரிச்சு வேலை முடிஞ்சதும் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம். விரிச்சாலும் ஒரு பிளாக் 32 எம்பி தாண்டக்கூடாதுன்னு ரூலே இருக்கு, அப்புறம் ரேம் எங்க நிறையும்?

நோடுன்னா மேப்ல ஒரு புள்ளி. அதுங்களை நெருக்கி வைக்கிற டென்ஸ் நோட்ல ஐடி, லேட், லான் (அட்சரேகை, தீர்க்கரேகை) எல்லாம் முந்தின நோடோட வித்தியாசமா தான் இருக்கும், கூட்டிக்கிட்டே வரணும், அடுத்த குரூப்ல திரும்ப 0-ல இருந்து. ஐடிக்கு 64 பிட் வைங்க, 32 பத்தாது.

யாரோ ஃபைலை ஒரே சுத்துல படிச்சு முடிச்சிடலாம்னு சொன்னீங்க, எனக்கு ஒத்து வரல. வழக்கமா நோட் முதல்ல, வே (நோடுங்களைக் கோர்த்த கோடு, ரோடு மாதிரி) பின்னாடி, வேக்குள்ள நோட் ஐடி மட்டும் தான், அது எங்க இருக்குங்குற லேட், லான் இருக்காது. அதனால முதல் சுத்துல, எனக்கு வேணுங்குற ஏரியாவைச் சுத்தி போட்ட பெட்டிக்குள்ள வர்ற நோடையும் அதைத் தொடுற வேயையும் பிடிச்சு, ரெண்டாவது சுத்துல வெளிய நிக்கிற நோடுங்களோட இடத்தை எடுத்துக்குறேன், இல்லேன்னா பர்லியார் பக்கம் இறங்குற ரோடு பாதில அறுந்து நிக்கும்.

ரிலேஷன் (நோடு, வே எல்லாத்தையும் சேர்த்து வைக்கிற குழு) இன்னும் தொடல, எஸ்டேட் ரோட்டுக்கு அது தேவையும் இல்ல.