ஆவியேற்ற நிறமாற்றம்: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம். ஆவி பட்டதும் ஒரு திடப்பொருளின் நிறம் மாறுவதை வேப்போகுரோமிசம் (vapochromism) என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த கேள்வி இது:

> வேப்போகுரோமிசத்துக்கு 'வாயுநிறமாற்றம்' போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. வாயு என்றதும் ஆக்சிஜனும் நைட்ரஜனும்தான் நினைவுக்கு வரும். இங்கே பெரும்பாலும் வந்து சேர்வது அசிட்டோன், எத்தனால், டொலுவீன் மாதிரி திரவங்களிலிருந்து கிளம்பும் ஆவி. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோம், இட்லியை ஆவியில் வேகவைக்கிறோம். புழங்குகிற சொல்லை ஏன் விட வேண்டும்?

சரி, 'ஆவிநிறமாற்றம்' என்றால்? வெப்பநிறமாற்றம், ஒளிநிறமாற்றம் என்ற வரிசையில் நன்றாகவே உட்காருகிறது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் வெப்பத்துக்கு நிறம் கிடையாது, ஆவிக்கு உண்டு. அயோடின் ஆவி ஊதா. 'ஆவியின் நிறம் மாறுவது' என்று ஒரு மாணவர் படித்தால் பிழை அவருடையதல்ல, சொல்லுடையது. மாறுவது படிகத்தின் நிறம்.

'ஆவியுணர்' என்ற யோசனையும் வந்தது. அது உணரி செய்பவரின் பார்வை. பயனைச் சொல்கிறது, நிகழ்வைச் சொல்லவில்லை.

நிகழ்வு என்ன? பிளாட்டினம்(II) அணைவுச் சேர்மங்கள் (உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ இணைந்தவை) பல தட்டையானவை. படிகத்தில் தட்டுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பிளாட்டினம் அணுக்களுக்கு இடையே ஏறத்தாழ 3.5 ஆங்ஸ்ட்ராமுக்கும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) குறைவான இடைவெளி இருந்தால் அவற்றின் எலக்ட்ரான் மண்டலங்கள் ஒன்றையொன்று தொடும். ஆவி மூலக்கூறு உள்ளே நுழைந்ததும் அடுக்கு சற்றே நகர்கிறது, இடைவெளி மாறுகிறது, அதனால் நிறமும் ஒளிர்வும் மாறுகின்றன. காப்பர் அயோடைடு இன்னும் தெளிவான சாட்சி. 4-மெத்தில்பிரிடின் என்ற ஈனியோடு (உலோகத்தோடு இணையும் மூலக்கூறோடு) அது சங்கிலியாக இருக்கும்போது புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்கிறது. டொலுவீன் ஆவி பட்டால் சங்கிலி கலைந்து, நான்கு காப்பரும் நான்கு அயோடினும் கனசதுரமாகக் கூடி, மஞ்சளாக ஒளிர்கிறது.

இரண்டிலும் ஆவி படிகத்துக்குள் ஏறுகிறது. உப்பில் ஈரம் ஏறிவிட்டது என்று வீட்டில் சொல்வோமே, அதே ஏற்றம்தான். ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம் என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிய அமைப்பும் இருக்கிறது. ஆகவே ஆவியேற்றம்; வேப்போகுரோமிசத்துக்கு ஆவியேற்ற நிறமாற்றம். ஆவி வெளியேறுவதை ஆவியிறக்கம் எனலாம். ஆவியாதலோடு குழம்பவும் வழியில்லை.

ஆக்சிஜனேற்றம்போல நிரந்தர வினை என்று தோன்றாதா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆய்வகத்தில் ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல்லைப் பாருங்கள். கோபால்ட் குளோரைடு சேர்த்த நீல மணிகள், நீராவி ஏற ஏற, ரோஸ் ஆகிவிடும். அடுப்பில் சூடாக்கி எடுத்தால் மறுபடி நீலம். இது ஒளிர்வதில்லை, ஆனாலும் ஏற்றமும் இறக்கமும் கண்ணெதிரே நடக்கின்றன. பாடத்தில் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லின் பக்கத்திலேயே வைத்தால் தயக்கம் தீரும்.

ஒளிர்வு மட்டும் மாறும் சேர்மங்களுக்குத் தனிச்சொல் வேண்டும். சிலவற்றில் ஒளிர்வின் நிறம் மாறும், சிலவற்றில் ஒளிர்வே அணைந்துபோகும். அதனால் 'ஒளிர்நிறமாற்றம்' குறுகலாகப் படுகிறது. ஆவியேற்ற ஒளிர்வுமாற்றம் என்று வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், 'ஏற்ற' என்பதைப் பெயரெச்சமாக எடுத்து 'ஆவியை ஏற்ற' என்று படிப்பவரும் இருப்பார்கள். அப்படிப் படித்தாலும் பொருள் கெடவில்லை, பார்த்துவிட்டேன்.