பக்கத்து 132 கேவி லைன் ஃபால்ட்டில் 9 காற்றாலை டிரிப்: எங்கே தேடுவது?

காற்றுமுனை (ஈஸ்டர்ன் கேப், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். டிஎஃப்ஐஜி (ரோட்டர் கன்வெர்ட்டர் வழியாக இணையும் ஜெனரேட்டர் வகை) காற்றாலைகள் 24. பக்கத்து 132 கேவி லைனில் ஒரு பேஸ் எர்த் ஃபால்ட் (ஒரு பேஸ் தரையோடு ஷார்ட்), 90 மில்லிசெகண்டில் கிளியர். 15 தாக்குப்பிடித்தன, 9 நின்றுவிட்டன. இங்குள்ள கிரிட் கோடுப்படி (மின்கட்டமைப்பில் இணைவதற்கான விதிகள்) வோல்டேஜ் பூஜ்யமானாலும் 150 மில்லிசெகண்ட் இணைந்திருக்க வேண்டும். குரோபார் (ஃபால்ட்டில் ரோட்டரை ஷார்ட் செய்து கன்வெர்ட்டரைக் காக்கும் சர்க்யூட்) ரெசிஸ்டரை மாற்றலாமா, 27 ரிலேயை (வோல்டேஜ் குறைந்தால் டிரிப் தருவது) தளர்த்தலாமா?

ரிலேக்காரன்:
ரெண்டையும் தொடாதீங்க. 27ஐத் தளர்த்தினா மெஷினோட காவலைத்தான் எடுக்கறீங்க. ஒவ்வொரு மெஷின்லயும் முதல் அலாரம் எது, எத்தனையாவது மில்லிசெகண்ட்ல? திரையில மேல நிக்கிறது பெரும்பாலும் பிரேக்கர் திறந்த பிறகு வந்த குப்பை.

காற்றுமுனை:
9லும் ஒன்றுதான் அண்ணா: 'கன்வெர்ட்டர் கூலிங் பம்ப் ஃபீட்பேக் இல்லை', 260 மில்லிசெகண்ட். 27 பிக்கப் ஆகி (குறைவை உணர்ந்து) ரீசெட் ஆகியிருக்கிறது, டிரிப் தரவில்லை.

ரிலேக்காரன்:
அப்போ குரோபார் நிரபராதி. அதுல கோளாறுன்னா ரோட்டர் ஓவர்கரண்ட்டோ டிசி லிங்க் ஓவர்வோல்டேஜோ முதல் சில சைக்கிள்லயே வந்திருக்கும். பம்ப் கான்டாக்டர் (பம்ப்பை ஆன்-ஆஃப் பண்ற காந்த ஸ்விட்ச்) காயில் 230 வோல்ட் ஏசியா? மெயின் டிரான்ஸ்ஃபார்மரோட வைண்டிங் இணைப்பு ஸ்டார்-டெல்டா, டவர்லயும் ஆக்ஸிலரியிலயும் (பம்ப் மாதிரி துணைக் கருவிகளுக்கானது) டெல்டா-ஸ்டார்னா, 132 கேவி பக்கம் ஒரு பேஸ் முழுசா விழும்போது 400 வோல்ட் பக்கம் ரெண்டு பேஸ் சுமார் 58% ஆகும், மூணாவது அப்படியே நிக்கும். காயிலுக்கு 133 வோல்ட்தான். கான்டாக்டர் ஸ்டாண்டர்டு, காயில் வோல்டேஜ் 20-75%க்குள்ள எங்க வேணும்னாலும் கான்டாக்டர் விழலாம் (திறந்துக்கலாம்)னு விடுது. அதான் சிலது விழுந்தது, சிலது நின்னது.

மின்தச்சன்:
இன்னொன்று: ஹோல்டிங் கான்டாக்ட் (கான்டாக்டர் தன் காயிலுக்குத் தானே சப்ளை கொடுத்துக்கொள்ளும் தொடர்பு) வழியாக நிற்கும் சர்க்யூட் என்றால், வோல்டேஜ் திரும்பினாலும் கான்டாக்டர் தானாக இழுக்காது. காயிலை யுபிஎஸ்ஸிலிருந்து வரும் 24 வோல்ட் டிசிக்கு மாற்றுங்கள். யுபிஎஸ் பேட்டரியை லோடு போட்டுச் சோதித்த பிறகு. ஃபீட்பேக் டைமரை 2 செகண்ட் ஆக்கலாம், அதற்குள் ஐஜிபிடி (கன்வெர்ட்டரின் பவர் டிரான்சிஸ்டர்) சூடேறிவிடாது. ஆனால் தயாரிப்பாளர் ஒப்புதல் இல்லாமல் வேண்டாம். முதலில் மெஷினை நிறுத்தி, வேரியாக்கில் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) காயில் வோல்டேஜை மெல்ல இறக்கி, எங்கே விழுகிறது என்று குறியுங்கள்.

காற்றுமுனை:
காயில் எந்த பேஸில் என்று பார்த்துவிட்டேன். விழுந்த 9ம் எல்1, எல்2. எல்3ல் உள்ள 8ல் ஒன்றுகூட விழவில்லை. ஹோல்டிங் கான்டாக்ட்டும் இருக்கிறது. வேரியாக் நாளைக்கு.

ரிலேக்காரன்:
எல்3ஐயும் சேர்த்து மாத்துங்க. அடுத்த ஃபால்ட் வேற பேஸ்ல வரும்.