ஜூலையில் யுஎஸ்எல் மேட்ச், கூடவே குடும்பச் சுற்றுலா: எந்த ஊர்?

பந்துப்பிரியன்:
ஜூலை நடுவில் 5 நாள் லீவு. அமெரிக்காவின் இரண்டாம் நிலை கால்பந்து லீக்கான யுஎஸ்எல் ஆட்டம் ஒன்றாவது பார்க்கணும். குழந்தைகளுக்கும் ஊரில் பொழுதுபோக்கு இருக்கணும். எங்கே போகலாம்?

ஓரக்கோடு:
கென்டக்கி மாநிலத்தின் லூயிவில். ஐரோப்பா மாதிரி இல்லை, யுஎஸ்எல் சீசன் மார்ச்சில் தொடங்கிக் கோடை முழுக்க ஓடும். அங்கே உள்ள அணி லூயிவில் சிட்டி 2017, 2018 சாம்பியன். அவங்க மைதானம் லின் ஃபேமிலி ஸ்டேடியம் 2020இல் திறந்தது, டவுன்டவுனை ஒட்டியே இருக்கு. மாலையில் பிக் ஃபோர் பாலத்தில் ஓஹையோ நதியை நடந்தே தாண்டினால் இண்டியானா மாநிலம். பசங்களுக்கு அதுவே பெரிய விஷயம். முதலில் ஹோம் மேட்ச் தேதியைப் பாருங்க, அப்புறம் ஹோட்டல். தலைகீழாச் செய்தா டீம் வெளியூரில் ஆடிக்கிட்டிருக்கும்.

கார்னர்கிக்:
மேமத் குகையையும் சேருங்க, லூயிவிலிலிருந்து சுமார் 145 கி.மீ. உள்ளே எப்போதும் 12 டிகிரிதான், ஸ்வெட்டர் வேணும். டூர் டிக்கெட் கோடையில் சீக்கிரம் தீரும், முன்பதிவு கட்டாயம். முக்கியமா, குகை மத்திய நேர மண்டலம், லூயிவில் கிழக்கு. திரும்பும்போது ஒரு மணி நேரம் போயிடும். மேட்ச் நாளில் போகாதீங்க.

ஓரக்கோடு:
சரிதான். இன்னொன்று: பக்கத்தில் மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்துவாங்க, கடைசி மின்னலிலிருந்து 30 நிமிஷம் காத்திருக்கணும், மறுபடி அடித்தால் கணக்கு முதலிலிருந்து. அன்று ராத்திரியே கார் ஓட்டும் திட்டம் வேண்டாம்.

த்ரோஇன்:
கார் வேண்டாம்னா பிட்ஸ்பர்க். அந்த ஊர் யுஎஸ்எல் அணியான ரிவர்ஹவுண்ட்ஸின் மைதானம் ஸ்டேஷன் ஸ்கொயரில், ரயில் நிறுத்தம் அருகிலேயே. 1870இல் திறந்த மலையேறும் இழுவை ரயிலும் அங்கேதான்.