டைபியூட்டைல்டின் டைலாரேட் தண்ணீரில் எளிதில் மக்குமா? வளைவு பாதியில் படுத்துவிட்டது

கோரையாற்றங்கரை:
வணக்கம். கஞ்சிக்கோட்டில் தண்ணீரும் கழிவுநீரும் சோதிக்கும் சிறிய ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறையில். மெத்தை நுரை தயாரிப்பில் வினையூக்கியாகச் சேர்க்கும் டைபியூட்டைல்டின் டைலாரேட் எங்களிடம் சோதனைக்கு வந்தது. ஒரு பொருள் எளிதில் மக்குமா என்று பார்க்கும் ஓஇசிடி 301எஃப் என்ற சர்வதேச முறைப்படி, அடைத்த குப்பிக்குள் ஆக்சிஜன் குறைவதை 28 நாள் அளந்தேன். நுண்ணுயிர்களுக்காகச் சேர்த்த கசடு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தில் நானே போய் எடுத்தது. முதல் பத்து நாளில் ஆக்சிஜன் செலவைக் காட்டும் வளைவு நன்றாக ஏறியது. பிறகு பாதிக்குச் சற்று மேலே படுத்துவிட்டது. பொருள் முழுதும் எரியத் தேவையான ஆக்சிஜனில் 60 சதவீதம் செலவானால்தான் தேறும்; அதைத் தொடவில்லை.

"இந்தப் பொருளுக்குப் பழகிய கசடாகப் பார்த்து எடுத்து மறுபடி செய், தேறிவிடும்" என்கிறார் மேலாளர். தேறினால் 'எளிதில் மக்கும்' என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். மனம் ஒப்பவில்லை. கோரையாற்றில் சேர்வது கல்பாத்திப்புழை வழியாகப் பாரதப்புழைக்குப் போகிறது. வழியில் எத்தனை ஊர் குடிக்கிறது! என் தயக்கத்துக்கு வேதியியல் காரணம் உண்டா?

வாளையார்வாசி:
பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கக் கப்பல் பெயின்டில் சேர்த்த ட்ரைபியூட்டைல்டின்கூடக் கடல்நீரில் சில நாளிலோ சில வாரங்களிலோ பாதியாகிவிடும் என்று படித்திருக்கிறேன். இது அதைவிட மென்மையான பொருள்தானே, அக்கா?

மீனாட்சிபுரம் வாத்தியார்:
அம்மா, உங்கள் தயக்கம் சரியானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த மூலக்கூறில் 32 கார்பன். அவற்றில் 24 இரண்டு லாரேட் கிளைகளில் இருக்கின்றன; மீதி 8, வெள்ளீயத்தோடு நேராக ஒட்டிய இரண்டு பியூட்டைல் கிளைகளில். லாரிக் அமிலம் நம் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதியாக இருப்பது. நுண்ணுயிர்களுக்கு அது சோறு. தண்ணீர் பட்டதும் லாரேட் கழன்று வந்துவிடும். முழு மூலக்கூறும் எரிய 47 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். இரண்டு லாரிக் அமிலத்துக்கு மட்டும் 34. அதாவது 72 சதவீதம். வெள்ளீயத்தோடு ஒட்டிய பியூட்டைல் ஒன்றுகூட அறுபடாமலே 60 சதவீதக் கோட்டைத் தாண்டலாம்! நீங்கள் பார்த்த ஏற்றம் எண்ணெய் தின்ற ஏற்றமாகவே இருக்கும்.

படுத்ததற்கும் இரண்டு காரணம் இருக்கலாம்: தின்ன வேறொன்றும் இல்லை, அல்லது விடுபட்ட டைபியூட்டைல்டின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டது. எளிதில் மக்கும் சோடியம் பென்சோயேட்டையும் இந்தப் பொருளையும் சேர்த்து நச்சுச் சோதனைக் குப்பி ஒன்று வைத்தீர்களா? 14 நாளில் அதில் 25 சதவீதம்கூட மக்காவிட்டால் நஞ்சு என்று கொள்ள வேண்டும்.

பழகிய கசடு இந்தச் சோதனையில் கூடவே கூடாது. பழகாத கசடிலும் மக்க வேண்டும் என்பதில்தான் 'எளிதில்' என்ற சொல்லின் பொருளே நிற்கிறது. இதை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

தம்பி வாளையார்வாசி, பாதியானது என்றால் மக்கியது என்றாகாது. மூன்று பியூட்டைலில் ஒன்று போனால் ட்ரைபியூட்டைல்டின் கணக்கில் குறையும். டைபியூட்டைல்டின் கணக்கில் ஏறும். பிறகு ஒரு பியூட்டைல் மட்டும் மிஞ்சும் மோனோ, கடைசியில்தான் வெறும் வெள்ளீயம். ஆக்சிஜன் எட்டாத சேற்றில் இதே வேலைக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். பிரான்சில் ஆர்காஷோன் வளைகுடாச் சிப்பிகள் நாசமாகி, 1982இல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயின்டைத் தடுத்தார்கள். உலக அளவிலான ஒப்பந்தம் 2001இல் எழுதப்பட்டு 2008இல்தான் அமலுக்கு வந்தது. அத்தனை காலம் அது சேற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது.

கோரையாற்றங்கரை:
ஐயா, நச்சுக் குப்பி வைக்கவில்லை. தவறுதான். லாரேட் இல்லாத டைபியூட்டைல்டின் டைகுளோரைடை இணையாக வைத்தால் போதுமா?

மீனாட்சிபுரம் வாத்தியார்:
வையுங்கள், நல்ல யோசனை. தனி லாரிக் அமிலத்துக்கும் ஒரு குப்பி. ஆனால் ஆக்சிஜனை மட்டும் நம்பாதீர்கள். 28ஆம் நாள் சோடியம் டெட்ராஎத்தில்போரேட் சேர்த்து ஆவியாகும் வடிவுக்கு மாற்றி, வாயு நிறவரைவியல் கருவியில் டை, மோனோ இரண்டையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். தண்ணீரை மட்டும் அனுப்பினால் ஏமாறுவீர்கள். இது கண்ணாடியிலும் கசடிலும் ஒட்டிக்கொள்ளும் சாதி. கசடையும் குப்பியின் உள்சுவரைக் கழுவிய கரைப்பானையும் சேர்த்து அனுப்புங்கள்.

கோரையாற்றங்கரை:
திங்கட்கிழமை புதுக் கசடு எடுக்கப் போகிறேன், அதே குடியிருப்பில்தான். ஆறு குப்பிகள் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். அறிக்கையை அதுவரை நிறுத்தி வைக்கும்படி மேலாளருக்கு இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன்.