ஃபோல்டர் லிங்க் நேத்து ஓடுச்சு, இன்னைக்கு திறக்கல, அவசரம்

கர்சர்பாய்:
சி டிரைவ் ஃபுல் ஆயிடுச்சுன்னு எடிட்டிங் சாஃப்ட்வேரோட கேஷ் ஃபோல்டர (தற்காலிக ஃபைல்கள வெக்கிற இடம்) டி டிரைவுக்கு மாத்திட்டு பழைய இடத்துல லிங்க் போட்டேன், நேத்து நைட் வரைக்கும் சூப்பரா ஓடுச்சு, இன்னைக்கு சிஸ்டம் ஆன் பண்ணா கேஷ் எழுத முடியலன்னு சொல்லி சாஃப்ட்வேர் மூடிக்குது, ஃபோல்டர கிளிக் பண்ணா லொகேஷன் நாட் அவைலபிள்னு வருது. காலைல வீடியோ குடுக்கணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

அரைபைட்:
என்ன லிங்க்? ரைட் கிளிக் பண்ணி போட்ட ஷார்ட்கட்டா, எம்கேலிங்க் கமாண்ட் அடிச்சு போட்டதா? எம்கேலிங்க்னா ஸ்லாஷ் டியா (சிம்லிங்க்), ஸ்லாஷ் ஜேயா (ஜங்ஷன்)? விண்டோஸ் எத்தனை?

நீலத்திரை:
ஆன்டிவைரஸ்தான். ஆஃப் பண்ணிட்டு பாருங்க. ஃபோல்டர் பிரச்னை எதுவா இருந்தாலும் கடைசில அங்கதான் போய் நிக்கும்.

மூத்தகுடி:
ஷார்ட்கட்டா இருக்க வாய்ப்பே இல்ல. ஷார்ட்கட்ங்கிறது வெறும் எல்என்கே ஃபைல், சாஃப்ட்வேர் அத ஃபோல்டரா எடுத்துக்காது, நேத்தே ஓடியிருக்காது. கேள்விய முழுசா படிச்சிட்டு பதில் போடுங்கப்பா. கேக்குறவரும் அடிச்ச கமாண்ட போடாம "லிங்க் போட்டேன்"னா நாங்க என்ன ஜோசியமா பாக்குறது?

கர்சர்பாய்:
விண்டோஸ் 11. ஸ்லாஷ் ஜே. அப்போ எர்ரர் எதுவும் வரல. ஆன்டிவைரஸ் ஆஃப் பண்ணியும் அதேதான்

இணைப்பான்:
ஜங்ஷன் விண்டோஸ் 2000 காலத்து சமாச்சாரம், விடுங்க. ஸ்லாஷ் டி போட்டு சிம்லிங்க்கா மாத்துங்க.

மூத்தகுடி:
பழசுன்னா கெட்டுப்போச்சா? ரெண்டுமே ரீபார்ஸ் பாயின்ட்தான், அதாவது திறந்தா வேற இடத்துக்கு திருப்பி விடுற குறி. சிம்லிங்க் போட அட்மின் வேணும், இல்லன்னா டெவலப்பர் மோட் ஆன் பண்ணணும், ஜங்ஷனுக்கு அது எதுவும் வேணாம். நெட்வொர்க் பாத்துக்கு (வேற கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபோல்டர் முகவரிக்கு) போகணும்னாதான் சிம்லிங்க்.

இணைப்பான்:
ரிலேட்டிவ் பாத் (டிரைவ் எழுத்து இல்லாம, லிங்க் இருக்கிற இடத்துல இருந்து வழி சொல்றது) ஜங்ஷன்ல வருமா சார்?

மூத்தகுடி:
சி-ல இருந்து வேற டிரைவுக்கு போறவருக்கு ரிலேட்டிவ் பாத் எதுக்குய்யா?

அரைபைட்:
உங்க பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்கோங்க. கர்சர்பாய், கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து (பவர்ஷெல் இல்ல, அதுல இது வராது) லிங்க் இருக்கிற இடத்துக்கு போய் டிஐஆர் ஸ்லாஷ் ஏஎல் அடிங்க, அங்க இருக்கிற லிங்க மட்டும் காட்டும். ஜங்ஷன்னு போட்டு, பேருக்கு பக்கத்துல சதுர அடைப்புக்குள்ள ஒரு பாத் வரும், அத இங்க போடுங்க. அந்த டி டிரைவ் உள்ள இருக்கிற டிஸ்க்கா, வெளிய மாட்டுறதா?

கர்சர்பாய்:
[டி:\எடிட்கேஷ்] னு வருது. யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க்தான், அது முக்கியமா? இப்ப பாத்தா அது இ-ன்னு காட்டுது, டி-ல பென்டிரைவ் நிக்குது

அரைபைட்:
அதேதான். ஜங்ஷனுக்குள்ள டிரைவ் எழுத்தோட முழு பாத்தும் எழுதியிருக்கும், டிஸ்க்கோட எழுத்து மாறினா அதுக்கு தெரியாது. பென்டிரைவ் முன்னாடியே ஏறி டி-ய பிடிச்சிருக்கு, லிங்க் பென்டிரைவ்ல போய் எடிட்கேஷ தேடுது. சிம்லிங்க் போட்டிருந்தாலும் இதே கதிதான். விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ஹார்ட்டிஸ்க்க ரைட் கிளிக் பண்ணி எஸ் மாதிரி தள்ளி இருக்கிற எழுத்தா குடுங்க, அடுத்த தடவ மாட்டும்போதும் விண்டோஸ் அதையே குடுக்கும். பழைய லிங்க எடுத்துட்டு, எஸ் பாத்துக்கு புதுசா போடுங்க. லிங்க் பேர் முதல்ல, நிஜ ஃபோல்டர் ரெண்டாவது.

நீலத்திரை:
பழைய லிங்க டெல் ஸ்லாஷ் எஸ் போட்டு தூக்கிடுங்க, ஈஸி

மூத்தகுடி:
ஐயோ அடிச்சிடாதீங்க!! இப்ப அறுந்து கிடக்குறதால தப்பிக்கலாம், ஒழுங்கா ஓடுற லிங்க்ல அத அடிச்சா உள்ள புகுந்து ஒரிஜினல் ஃபைலையே வழிச்சு எடுத்துடும். வெறும் ஆர்எம்டிஐஆர் (ஃபோல்டர நீக்குற கமாண்ட்), பின்னாடி லிங்க் பேர், அவ்வளவுதான். லிங்க் மட்டும் போகும்.

இணைப்பான்:
எழுத்தே வேணாம்னா அந்த டிஸ்க்க சி-ல ஒரு காலி ஃபோல்டருக்குள்ள மவுன்ட் பண்ணலாம் (அந்த ஃபோல்டர திறந்தா டிஸ்க்கே திறக்கும்), அது வால்யூம் ஐடிய, அதாவது டிஸ்க்கோட அடையாள எண்ண வெச்சு பிடிக்கும், எழுத்து என்ன மாறினாலும் கவலையில்ல.

மூத்தகுடி:
இப்பதான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க.

கர்சர்பாய்:
எஸ் குடுத்தேன், ஓடுது. ரெண்டர் போட்டாச்சு, நன்றி எல்லாருக்கும்

அரைபைட்:
சந்தோஷம். ஆமா, அந்த சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்லயே கேஷ் ஃபோல்டர மாத்துற ஆப்ஷன் இருக்கான்னு பாத்தீங்களா? இருந்தா லிங்க்கே தேவையில்லையே.