கழுத்தைப் பிடித்தார், ஆனால் "அடிச்சதே இல்ல" என்கிறாள் அக்கா

இளையவள்:
மாமா சத்தம்கூடப் போடாத மனுஷர் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. நேற்று போனில் அக்காவின் குரல் கரகரவென்று இருந்தது. சளியா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கோபத்துல கழுத்தைப் பிடிச்சுட்டார்டி. உடனே விட்டுட்டார், ஒரு தடம்கூட இல்ல" என்றாள். சண்டை எதற்கு என்றால், அவளுடைய ஏடிஎம் கார்டை அவள் திருப்பிக் கேட்டதற்கு. சம்பளம் அவளுடையது, கார்டு இருப்பது அவர் பர்ஸில். அவள் போனின் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும். "என்னை அடிச்சதே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நான் மாமாவிடம் நேரில் போய்க் கேட்கட்டுமா, இல்லை, புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று ஒதுங்கிவிடவா?

பழைய உறுப்பினர்:
ஒதுங்குவதுதான் நல்லது. ஏதோ ஆத்திரத்தில் நடந்ததை ஊதிப் பெரிதாக்காதீர்கள். ரொம்ப உறுத்தினால் இரண்டு பக்கப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் வன்முறை என்று பேர்.

அவசரப் பிரிவு நர்ஸ்:
இளையவள், மாமா விஷயம் அப்புறம். முதலில் அக்காவிடம் கேளுங்கள்: விழுங்கினால் வலிக்கிறதா? மூச்சு விடச் சிரமமா? அந்த நேரத்தில் கண் இருட்டியதா, தன்னை அறியாமல் சிறுநீர் போனதா, நடுவில் கொஞ்சம் ஞாபகமே இல்லையா? எதுவும் இல்லை என்றாலும், குரல் மாறியிருப்பது ஒன்றே டாக்டரிடம் போகப் போதும்.

தடம் இல்லை என்பதை நம்பாதீர்கள். கழுத்து நெரிபட்டு வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து, நாள் கழித்துப் பக்கவாதம் வருவதுண்டு. "உடனே விட்டுட்டார்" என்பதும் ஆறுதல் இல்லை, நினைவு தப்பப் பத்து வினாடியே போதும். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, துணைவன் முன்பு கழுத்தை நெரித்திருந்தால், பிற்பாடு அவன் கையாலேயே கொலையாகும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் கூடுகிறது. அறைவதும் இதுவும் ஒன்றல்ல.

பழைய உறுப்பினருக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2018 நிலவரக் கணக்குப்படி, துணையோடு வாழ்ந்த 15–49 வயதுப் பெண்களில் 27 சதவீதம் பேர் ஒருமுறையாவது அவனிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள். கார்டைப் பிடுங்கி வைப்பதெல்லாம் அதில் சேர்த்தியே இல்லை. அவர்களிலும் காயம்பட்டதாகச் சொல்கிறவர்கள் 42 சதவீதம்தான். மிச்சப் பேர் வேறு ஏதாவது சொல்லி வருவார்கள்: தலைவலி, தூக்கமில்லை, படபடப்பு. கூட வந்தவரை பில் கவுன்டருக்கு அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் பேச்சையே எடுப்போம். அவர் கட்டில் பக்கத்தில் நிற்கிறவரை எல்லோரும் படியில் வழுக்கி விழுந்தவர்கள்தான்.

வெளியே வந்தவள்:
பெரியவர்களை உட்கார வைக்கும் யோசனை எங்கள் வீட்டிலும் நடந்தது. எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் கதவைத் தாழ்போட்டுவிட்டு, "யார்கிட்ட முதல்ல சொன்னே?" என்றார். அதற்குமேல் எழுத விருப்பமில்லை.

அதனால் இளையவள், மாமாவிடம் போகாதீர்கள். நீங்கள் கேட்டதற்கான பதில் அக்காவுக்குத்தான் கிடைக்கும். "ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?" என்றும் அவளை விரட்டாதீர்கள். கிளம்புகிற சமயம்தான் ரொம்ப ஆபத்தானது, சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. இந்த விஷயம் எதையும் அவள் போனுக்கு மெசேஜாக அனுப்ப வேண்டாம். சான்றிதழ், பாஸ்புக் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இன்றும் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் வயிறு பிசைகிறது, தனியாகத்தான் இருக்கிறேன்.

வாசிப்பவன்:
ஆண்களுக்கும் நடக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னபோது சிரித்தார்கள். திரியைத் திசைதிருப்ப வரவில்லை, நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள்.

இளையவள்:
அவள் ஆபீஸ் லேண்ட்லைனில் பிடித்துக் கேட்டேன். விழுங்கினால் வலிக்கிறதாம். நடுவில் கொஞ்சம் ஞாபகம் இல்லையாம், அதை என்னிடம் முதலில் சொல்லவே இல்லை. நாளைக்கு லீவு போட்டு நான் கூட்டிப்போகிறேன்.

அவசரப் பிரிவு நர்ஸ்:
நாளைக்கு வேண்டாம், இப்போதே ஆபீஸிலிருந்து நேராகக் கூட்டிப்போங்கள். கிளினிக் போதாது, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு. தொண்டை வலி என்று சொன்னால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "கழுத்தை நெரித்தார், நினைவு தப்பியது" என்று அவள் வாயாலேயே சொல்லட்டும், கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.